மாமாவின் வலது கையும் ஒலுவில் துறைமுகமும்

பின்னேரம் அசர் தொழுகை முடிந்து ஒலுவில் துறைமுகத்தை ஒட்டின கடற்கரைக்குப் போனால் எப்பவும் ஒரு கூட்டம் இருக்கும். செல்ஃபி எடுக்கிற எங்கட கெம்பஸ் பிள்ளைகள், தூண்டில் போடுகிற பொடியன்மார், கச்சான் விற்கிறவர், குடும்பத்தோடு காற்று வாங்க வந்தவர்கள். துறைமுகம் என்று பெயர் வைத்த இடத்துக்குத் தேவையான அளவு படகுதான் இருக்காது. 2008இல் கட்டத் தொடங்கி, டென்மார்க்கின் கடனுதவியோடு முடித்து, 2013இல் திறந்து வைத்தார்கள். திறந்த பிறகு வாயை மணல் அடைத்தது. பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது. மணலைத் தோண்டினால் படகு வரும், விட்டால் திரும்பவும் அடைத்துக்கொள்ளும் என்ற கதை வருஷக்கணக்காக ஓடியது. இந்தப் பக்கம் வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் அது தெரிந்த கதை.

நான் எழுத வந்தது என்ட மாமாவின் வலது கையைப் பற்றி. ஆனால் அந்தக் கையோடு ரெண்டு வருஷம் இருந்த பிறகு, துறைமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம் ரெண்டும் ஒரே பாடத்தைத்தான் சொல்லுது என்று தோன்றுகிறது. அதைத்தான் இங்க சொல்லப் பார்க்கிறேன்.

கோப்பை விழுந்த காலை

மாமா உம்மாட மூத்த தம்பி. முப்பது வருஷத்துக்கு மேல் கடல் தொழில். ஒரு நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து பிளேன்டீக் கோப்பையைத் தூக்கினார். கோப்பை கையிலிருந்து விழுந்தது. மாமி ஏதோ சொல்லப் போனா. மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார், சொல் குழறியது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. "பிரஷர் கூடிட்டு, கொஞ்சம் படுத்தா சரியாகிடும்" என்றார்கள். எண்ணெய் தேய்த்தார்கள். ஓதிப் பார்க்க ஆள் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது லுஹர் நேரம்.

பாரிசவாதம் என்று நாங்கள் சொல்கிற ஸ்ட்ரோக் பெரும்பாலும் மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் ஒரு கட்டி அடைத்துக்கொள்வதால் வருகிறது. சிலருக்கு அடைப்புக்குப் பதிலாகக் குழாய் வெடித்து இரத்தம் கசியும். பெரிய குழாய் ஒன்று அடைபட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்புக்கலங்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார். அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக 4½ மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். கசிவு உள்ளவருக்கு அதே ஊசியைப் போட்டால் ஆபத்து. அடைப்பா கசிவா என்று வெளியில் இருந்து பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குத்தான் முதலில் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள்.

அந்த ஸ்கேன் இயந்திரத்தின் கதை எனக்குப் பிடித்தது. 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை அது படம் பிடித்தது. 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசைப் பகிர்ந்த ரெண்டு பேரில் அலன் கோமக் பௌதிகவியலாளர், கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் பொறியியலாளர். ரெண்டு பேரும் டொக்டர் இல்லை. வைத்தியத்தில் பௌதிகவியலுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்லுவேன்.

மாமாவுக்கு ஊசி போடுகிற நேரம் தாண்டிவிட்டது. இதை வாசிக்கிற நீங்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வாய் கோணினால், ஒரு பக்கக் கை தளர்ந்தால், பேச்சு குழறினால் எண்ணெய் தேட வேண்டாம். உடனே 1990க்கு அடியுங்கள். அது இலவச அம்புலன்ஸ். ஓதுவதை அம்புலன்ஸுக்குள் இருந்தும் ஓதலாம்.

32 தடவை

மாமா உயிர் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். கால் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, பேச்சும் முக்கால்வாசி திரும்பியது. வலது கை அப்படியே தொங்கியது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னார்கள்: "எக்ஸர்சைஸ் செய்யுங்க."

என்ன எக்ஸர்சைஸ்? எத்தனை தடவை? எத்தனை மாதம்? கேட்க எங்களுக்கும் தெரியவில்லை, சொல்ல அவர்களுக்கும் நேரமில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு பிசியோ மிஸ்ஸுக்கு முன்னால் வரிசையில் இருந்த ஆட்களை நானே எண்ணிப் பார்த்திருக்கிறேன். மாமாவுக்குக் கிடைத்தது கிழமைக்கு ஒரு நாள், அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. அதற்காக ஆட்டோ பிடித்து, மாமி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ரெண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பிறகு நான் வாசிக்கத் தொடங்கினேன். நான் கலைப்பீடத்துப் பிள்ளை, விஞ்ஞானத்தை ஓ.எல். பரீட்சையோடு விட்டவள். ஆனால் வீட்டில் ஒரு ஆள் இப்படி இருந்தால் எல்லாம் வாசிக்க வருது. வாசித்ததில் என்னை நிறுத்திய இலக்கம் 32.

கத்தரின் லாங் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அமெரிக்காவிலும் கனடாவிலும் 7 இடங்களில் 312 சிகிச்சை அமர்வுகளை நேரில் பார்த்து எண்ணினார்கள். 2009இல் அது வெளிவந்தது. கைக்குப் பயிற்சி கொடுத்த அமர்வுகளில், ஒரு பொருளை எடுப்பது வைப்பது போன்ற பயனுள்ள அசைவை நோயாளி செய்தது சராசரியாக 32 தடவை. மூளை தன்னை மாற்றிக்கொள்வதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்ய வைத்திருந்தார்கள்; 400, 600 என்று. வசதியுள்ள நாட்டிலேயே இடைவெளி இவ்வளவு.

செத்த நரம்புக்கலம் திரும்ப வராது. ஆனால் பக்கத்தில் உயிரோடு இருக்கிற கலங்கள் அந்த வேலையைப் படித்துக்கொள்ளலாம். படிப்பது எப்படி? நாங்கள் எழுதப் பழகின மாதிரித்தான். அரிச்சுவடியில் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதினோமே, அதேதான். கையை வேறு ஆள் பிடித்து ஆட்டிவிட்டால் மட்டும் போதாது. அவரே முயற்சி செய்ய வேண்டும், அதுவும் அவருக்கு அர்த்தமுள்ள ஒரு வேலையில்.

மாமியிடம் ஒரு டிஜிட்டல் தஸ்பீஹ் இருந்தது. விரலில் மோதிரம் மாதிரிப் போட்டு அமத்துகிற சின்னச் சாமான். அதை எடுத்தோம். கோப்பையைத் தொட ஒரு முயற்சி, ஒரு அமத்து. முதல் நாள் 20. ஒரு மாதம் கழித்து 150. எங்கட வீட்டுக்கு வந்த முதலாவது புனர்வாழ்வு இயந்திரம் அந்தத் தஸ்பீஹ்தான்.

சுருள்வில் மாதிரி ஒரு ரோபோ

பெரிய இயந்திரங்களின் கதையையும் பார்ப்போம்.

1990களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் நெவில் ஹோகன், இகோ கிரெப்ஸ் ஆகியோர் ஸ்ட்ரோக் வந்த கைக்கு ஒரு ரோபோவைச் சோதித்துப் பார்த்தார்கள். எம்.ஐ.டி. மேனஸ் என்று பெயர். நோயாளி அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு திரையில் தெரியும் புள்ளிக்குக் கையை நகர்த்த வேண்டும். இதன் பின்னால் உள்ள பௌதிகத்தை எங்கட பொறியியல் பீடத்து நண்பி ஒருத்தி கென்டீனில் வைத்து எனக்கு விளங்கப்படுத்தினா. தொழிற்சாலை ரோபோ பிடிவாதமானது. போ என்ற இடத்துக்குப் போகும். நடுவில் உங்கட கை இருந்தால் கையை உடைத்துக்கொண்டு போகும். இந்த ரோபோ சுருள்வில் மாதிரி. நீங்கள் சரியான பாதையில் போனால் சும்மா இருக்கும். விலகினால், விலகின தூரத்துக்கு ஏற்ற மாதிரி மெதுவாக இழுக்கும். ஏ.எல். பிள்ளைகள் பாடமாக்குகிற ஹூக்கின் விதிதான், அதை மோட்டரும் கணினியும் சேர்ந்து போலி செய்கின்றன. எவ்வளவு விறைப்பாக இழுக்க வேண்டும் என்பதை ஆளுக்கு ஆள் மாற்றலாம். கூட உதவினால் நோயாளி சோம்பேறியாகிவிடுவார், இயந்திரமே வேலையைச் செய்துவிடும். குறைய உதவினால் மனம் விட்டுப் போகும். நடுவில் நிற்பதுதான் கெட்டித்தனம்.

எங்களுக்குக் கிட்டவும் ஒன்று இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா ஸ்ரீநிவாசனுடைய ஆய்வகமும், வேலூர் சி.எம்.சி.யில் சிவகுமார் பாலசுப்ரமணியனுடைய குழுவும் சேர்ந்து புளூட்டோ என்ற கருவியை உருவாக்கினார்கள். மேசையில் வைக்கிற அளவு. ஒரே ஒரு மோட்டர். கைப்பிடியைக் கழற்றி வேறொன்று மாட்டினால் மணிக்கட்டை மடக்குவது, முன்கையைத் திருப்புவது, விரலை விரிப்பது என்று பயிற்சி மாறும். நோயாளி விளையாட்டு விளையாடிக்கொண்டே பயிற்சி செய்கிறார். ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வொரு மோட்டர் என்று போகாமல் ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம் என்று யோசித்தார்களே, அந்த யோசனைதான் எனக்குப் பிடித்தது. எங்களைப் போன்ற இடத்தின் சட்டைப்பையைத் தெரிந்தவர்களுக்குத்தான் அப்படி யோசிக்க வரும்.

அதையும் விட மலிவான ஒன்று கண்ணாடி. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கை இழந்தவர்களுடைய வலிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்திப் பார்த்தார். 1999இல் அவரும் சகாக்களும் ஸ்ட்ரோக் வந்த 9 பேரில் அதே முறையைச் சோதித்தார்கள். நல்ல கையைக் கண்ணாடிக்கு முன்னால் அசைத்தால், அதன் விம்பம் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும் மற்றக் கை அசைவது போலக் காட்டும். மூளை அதைப் பார்க்கிறது. 2018இல் வந்த கொக்ரேன் மீளாய்வு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வழக்கமான பயிற்சியோடு இதையும் சேர்த்தால் கை கால் அசைவு கொஞ்சம் கூடுகிறது என்றது. ஒளித்தெறிப்பு, எட்டாம் ஒன்பதாம் ஆண்டுப் பாடம். பிசியோ மிஸ் காட்டித்தந்த பிறகு மாமி அல்மாரிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தா. இப்பவும் அது அங்கதான் இருக்கு.

ரெண்டு பெரிய ஏமாற்றங்கள்

இதுவரை வாசித்தவர்கள், அப்போ ஒரு ரோபோ வாங்கினால் பிரச்சினை முடிந்ததே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2019இல் லான்செட் சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. பிரித்தானியாவில் 770 நோயாளிகள், 3 குழுக்கள். ஒன்றுக்கு ரோபோப் பயிற்சி, இன்னொன்றுக்கு அதே அளவு நேரம் ஆட்கள் கொடுத்த கூடுதல் பயிற்சி, மூன்றாவதுக்கு வழக்கமான சிகிச்சை. முடிவில், ரோபோக் குழுவின் கைகள் அன்றாட வேலை செய்யும் திறனில் வழக்கமான சிகிச்சைக் குழுவை விடக் குறிப்பிடும்படி முன்னுக்கு வரவில்லை. பயிற்சித் திரையில் கையை நகர்த்தப் பழகுவதும், சட்டைப் பொத்தானைப் போடப் பழகுவதும் ரெண்டு வேறு விஷயங்கள் போல.

சரி, இயந்திரம் வேண்டாம், எங்கட சமூகத்தில் குடும்பம் இருக்கே, குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு ஆய்வு இருக்கிறது. 2017இல், அதே லான்செட்டில். இந்தியாவில் 14 வைத்தியசாலைகள், 1250 நோயாளிகள். ஒரு பாதியினரின் குடும்பத்தில் ஒருவருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்தார்கள், பிறகு சில தடவை வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். மற்றப் பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 6 மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்பவர்களும் ரெண்டு பக்கமும் 47 வீதம். ஒரு வித்தியாசமும் இல்லை.

இந்த ஆய்வை வாசித்த அன்று எனக்கு மாமி மேல் இரக்கம் வந்தது. ஏனென்றால் "குடும்பம் பார்த்துக்கொள்ளும்" என்று நாங்கள் சொல்லும்போது, குடும்பம் என்ற சொல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு பொம்பிளை. சமைத்து, கழுவி, வுழூ எடுக்க வைத்து, மருந்து கொடுத்து, இரவில் புரட்டிப் படுக்க வைத்து, அதற்குப் பிறகு 150 தடவை தஸ்பீஹ் அமத்தியது மாமிதான். அவவுக்கு யாரும் நாரி வலிக்குதா என்று கேட்கவில்லை. குடும்பம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஆளுக்குப் பதிலாகக் குடும்பத்தை வைக்க முடியாது.

ஆகப் புதிய தொழில்நுட்பமும் இதே கதையைத்தான் சொல்கிறது. 2021இல் 108 பேரில் நடந்த ஒரு ஆய்வில், நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவியைப் பதித்து, கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பைத் தூண்டினார்கள். உண்மையான தூண்டல் கிடைத்தவர்களில் 47 வீதமானவர்களுக்குக் கையில் நல்ல முன்னேற்றம், மற்றவர்களில் 24 வீதம். நல்ல செய்தி. ஆனால் அவர்கள் எல்லாருமே 6 கிழமையில் 18 தடவை சிகிச்சை நிலையத்துக்குப் போய், ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான அசைவுகளைச் செய்தார்கள். தூண்டல் கொடுத்ததே அந்த அசைவு நடக்கிற நேரத்தில்தான். பயிற்சி இல்லாமல் கருவிக்கு அங்க வேலையே இல்லை.

திறப்பு விழாவும் மணல் தோண்டுவதும்

இப்போ துறைமுகத்துக்கு வருவோம்.

கல்லைப் போட்டுக் கட்டி முடிப்பது ஒரு வேலை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் மணலைத் தோண்டுவது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு நாடா வெட்டலாம், பதாகை கட்டலாம், பேப்பரில் படம் வரும். ரெண்டாவது வேலைக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். ஆனால் படகு உள்ளே வருவதும் வராததும் ரெண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

பாரிசவாதத்தையும் நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம். உயிரைக் காப்பாற்றும் பகுதி எல்லாருக்கும் தெரியும். ஸ்கேன் இயந்திரத்துக்காகப் போராடுவோம், வந்தால் கொண்டாடுவோம், அது சரியும்தான். அதற்குப் பிறகு வருகிற ஒரு வருஷம், ரெண்டு வருஷம், அது மணல் தோண்டுகிற காலம். அதற்கு ஆள் இல்லை, பட்ஜெட் இல்லை, பேச்சும் இல்லை. நாளைக்கு ஒரு வெளிநாட்டு அமைப்பு வந்து எங்கட பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஒரு ரோபோவை அன்பளிப்புச் செய்தால் நாங்கள் என்ன செய்வோம்? நாடா வெட்டுவோம். ஆறு மாதத்தில் ஒரு வயர் அறுந்தால் அது துணி போட்டு மூடின ஒரு மூலைச் சாமானாகிவிடும். அந்தப் பயம் எனக்கு இருக்கு.

இயந்திரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு பிசியோ ஒரே நேரத்தில் மூன்று பேரைப் பார்க்க ஒரு கருவி உதவுமென்றால் அது பெரிய உதவி. வீட்டில் எத்தனை தடவை செய்தார் என்று எண்ணிச் சொல்லுமென்றால் அதுவும் உதவி. கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சின்னவை: இதை இங்க யார் திருத்துவார்? இதைப் பயன்படுத்த ஒரு ஆள் நியமிக்கப்பட்டிருக்கிறாரா? நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் இது அவரோடு போகுமா?

பராமரிப்பு என்பது இந்த நாட்டுக்குத் தெரியாத வேலையும் இல்லை. ஒரு வீட்டில் பிள்ளை கிடைத்தால் மிட்வைஃப் மிஸ் கொப்பியோடு வீட்டுக்கு வருவா. நிறை பார்ப்பா, தடுப்பூசித் திகதி சொல்லுவா, வராவிட்டால் தேடி வருவா. தாய்சேய் நலத்தில் இலங்கை பெயர் எடுத்தது இப்படி வீடு வீடாகப் போன பெண்களால்தான். பிறந்த பிள்ளைக்கு ஒரு கார்ட் இருக்கிற மாதிரி, பாரிசவாதம் வந்து வீட்டுக்குப் போனவருக்கும் ஒரு கார்ட் ஏன் இருக்கக் கூடாது? இந்த மாதம் எத்தனை அமர்வு கிடைத்தது, கை எவ்வளவு உயருது, பிரஷர் எவ்வளவு, பராமரிக்கிறவரின் நிலை என்ன? ஆறு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குடும்பத்தின் தலையில் போடுவது போதாது என்று அந்த இந்திய ஆய்வு காட்டிவிட்டது. அதனால் வருகிற ஆள் பயிற்சி பெற்ற ஆளாக, அடிக்கடி வருகிறவராக இருக்க வேண்டும். அதற்குப் பிசியோ, தொழில்வழிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். எங்கட ஊர்களில் தேர்தல் வந்தால் கேட்க வேண்டிய கேள்வி இது.

எங்களால் என்ன முடியும்?

ஒலுவிலில் பொறியியல் பீடம் இருக்கு. சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞான பீடம், அங்க பௌதிகவியல் படிக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் இறுதியாண்டு ப்ரொஜெக்ட் செய்கிறார்கள். விரல் மடிவதை அளக்கும் சென்சரைக் கையுறையில் தைப்பது, எங்கள் எல்லாருடைய போனிலும் இருக்கிற முடுக்கமானியை வைத்துக் கை எத்தனை தடவை உயர்ந்தது என்று எண்ணுவது, இவை ஒரு இறுதியாண்டுப் பிள்ளைக்குக் கைக்கு எட்டாத வேலைகள் இல்லை. 1961இலேயே விளாடிமிர் லிபர்சன் என்ற மருத்துவர், நடக்கும்போது தொங்கும் பாதத்துக்காக, சப்பாத்தின் குதிக்கடியில் ஒரு சுவிட்சை வைத்து, குதி எழும்பும்போது நரம்புக்குச் சின்ன மின்தூண்டல் போகிற மாதிரிச் செய்தார். யோசனை அவ்வளவு எளிமையாக இருக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. பிசியோ இல்லாமல், நோயாளி இல்லாமல், நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் எதையும் ஆளில் மாட்டிப் பார்க்கக் கூடாது. அதுவும் மின்சாரத்தோடு வீட்டில் விளையாட்டு வேண்டவே வேண்டாம். கண்காட்சியில் கைதட்டு வாங்கினதோடு பெட்டிக்குள் போகிற கருவியும் எனக்கு மணல் அடைத்த துறைமுகம்தான். முதல் வருஷத்துப் பிள்ளை செய்ததை அடுத்த வருஷத்துப் பிள்ளை திருத்தினால், ஐந்து வருஷத்தில் ஏதாவது ஒன்று உருப்படியாக மிஞ்சும்.

கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை என்று என் நண்பிகளே சிரித்தார்கள். நான் ஒரு உதாரணம் சொல்கிறேன். மாமாவின் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு படச் செயலியைப் போனில் இறக்கினோம். முதல் படம் ஒரு பனிமனிதன். அடுத்தது ஒரு பழம், அதை மாமா ஆயுளில் கண்டதில்லை. குரல் பேசினது வேறு ஊர்த் தமிழ். மாமா எரிச்சலோடு போனைத் தள்ளிவிட்டார். நான் கடற்கரைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். தோணி, வலை, மிதப்புக் கட்டை, பாரை மீன், சூரை மீன். அன்று மாமா பதினொரு சொல் சொன்னார். எந்தச் சொல் ஒரு ஆளுடைய வாயில் முதலில் வரும் என்பது மொழியும் சமூகமும் படிக்கிறவர்களுடைய கேள்வி. எந்த வீட்டில் யார் பராமரிக்கிறார்கள், ஒரு பொம்பிளை நோயாளி ஆண் பிசியோவிடம் போகத் தயங்குவாவா, அதனால் எத்தனை அமர்வு போகிறது என்பதும் அப்படித்தான். அதை எந்தச் சென்சரும் அளக்காது. நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

சஹன்

மாமா ஒரு வருஷமாகக் கல்யாண வீட்டுக்கே போகவில்லை. கால் நடக்கும், போகலாம். போக மாட்டேன் என்றார். கடைசியில் பிசியோ மிஸ் ஒரு நாள் சும்மா கேட்டா: "இந்தக் கை வந்தா முதல்ல என்ன செய்ய ஆசை?" மாமா கனநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சஹன்ல இருந்து சோத்துக் கையால சாப்பிடணும் மிஸ்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து வலது கையால் அள்ளும்போது, இடது கையை நீட்ட அவருக்கு வெட்கம். கரண்டி கேட்க அதைவிட வெட்கம். இத்தனை மாதமும் நாங்கள் கோப்பையைத் தொடு, பந்தைப் பிடி என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அவருக்கு வேண்டியது சோற்றைக் குழைத்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோவது. மிஸ் பயிற்சியை மாற்றினா. முதலில் மண், பிறகு அவித்த பயறு, பிறகு சோறு. மாமி தஸ்பீஹை அமத்திக்கொண்டே இருந்தா.

கை முழுதாக வரவில்லை. விரல் இன்னும் ஒழுங்காக விரியாது. கடலுக்குப் போக முடியாது, இனிப் போகவும் மாட்டார் என்று நினைக்கிறேன். போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாமா வந்தார். நாலு பேரோடு சஹனில் இருந்தார். நான் பொம்பிளைகள் பக்கம் இருந்ததால் பார்க்கவில்லை. தம்பிதான் வந்து சொன்னான். பாதிச் சோறு மடியில் விழுந்ததாம். பக்கத்தில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் இறைச்சித் துண்டை மாமா பக்கம் தள்ளி வைத்தாராம். இரவு வீட்டுக்கு வந்த மாமா, சாரத்தில் இருந்த சோற்றுக் கறையை மாமியிடம் காட்டிக் கேட்டாராம், "இண்டைக்கு எத்தின எண்டு எண்ணினியா?"